இரண்டு டிகிரி

கீழ் வீட்டு நவாஃப் துணி காயப்போடுவதைப் பார்ப்பது மூன்று வாரமாக ரஸ்மிக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. சட்டையை உதறாமல் அப்படியே கொடியில் எறிவான். காலுறைக்கு ஜோடி பார்க்கமாட்டான். கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு துண்டை நான்கு தடவை இழுத்து இழுத்துச் சரிசெய்துவிட்டு, கடைசியில் கோணலாகவே விட்டுப் போவான். குளிர்காலத் தொடக்கம் வரை அந்தக் கொடியில் இடமே இருக்காது. அவன் மனைவி ஃபாத்தினின் நீள அங்கிகள், இரண்டு சிறுமிகளின் கவுன்கள், பள்ளிச் சீருடை, பொம்மைக்குத் தைத்த சட்டை வரைக்கும் தொங்கும். இப்போது நான்கு சட்டையும் ஒரு துண்டும்தான். ரஸ்மி மூன்றாம் மாடிப் பால்கனியில் வெப்பமானிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அளவைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

நவாஃப் அண்ணாந்து பார்த்தான். வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"என்னண்ணே, விருந்தாளி வர்றாரா இந்த வாரம்?"

"பார்ப்போம் தம்பி" என்றார் ரஸ்மி. சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அவன் முறைத்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

விருந்தாளி என்றால் வெண்பனி. பெயரைச் சொன்னால் வராது என்பது ஜோர்தான் தலைநகர் அம்மானின் பனிப் பைத்தியங்களுடைய சாத்திரம். ரஸ்மியின் குழுவுக்குப் பெயரே 'வெள்ளை விருந்தாளி'தான். போனில் நாற்பத்தொரு பேர். அதில் ஐந்து பேர் 'கண்கள்'; ஐந்து குன்றுகளின் மேல் வீடு உள்ளவர்கள். பால்கனியில் மரப்பெட்டிக்குள் வெப்பமானி வைத்து, குளிர் காற்று கிளம்பிவிட்டால் மணிக்கு ஒரு தடவை அளவு எழுதவேண்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அபூ லைஸ் ஐந்து அளவையும் வைத்துக் கூட்டிக் கழித்து, விருந்தாளி எத்தனை மணிக்கு, எந்த உயரத்துக்கு மேல் இறங்குவார் என்று அறிவிப்பார். ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு. ஸுவைலிஹ் மேட்டில் இருக்கும் ஜான்பெக் டிசம்பர் முதல் தேதியிலிருந்து பனி விழும்வரை சவரம் செய்யமாட்டான்; போன வருஷம் பனியே விழாமல் மார்ச்சில் மனைவி கையில் கத்தரிக்கோலோடு துரத்தினாள். வங்கியில் வேலை பார்க்கும் ரீமா அம்மாள் சைப்ரஸ் தீவில் விடுதி நடத்தும் சித்தி மகளைக் கூப்பிட்டு, "உங்க வாசல் கொடி எந்தப் பக்கம் பறக்குது?" என்று கேட்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். யாரும் குளிர்காலத்தில் புதுக் கையுறை வாங்குவதில்லை. ஆயத்தமாவதைப் பார்த்தால் விருந்தாளி வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவாராம். மழை பெய்யும்போது கறுப்புத் தட்டு ஒன்றைப் பால்கனிக்கு வெளியே நீட்டிப் பிடிப்பார்கள். விழுவது நீரா, ஆலங்கட்டியா, அசலா என்று கறுப்பில்தான் தெரியும். ரஸ்மியின் தட்டு, அவர் மனைவி சுஹைலாவின் கேக் தட்டு. அது அடுப்புக்குள் போய் ஆறு வருஷம் ஆகிறது.

தெருவில் அவருக்குப் பெயர் அபூ தல்ஜ். பனிக்கு அப்பன் என்று அர்த்தம். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு உள்ளுக்குள் இனிக்கும். சந்தைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண்ணாடியில் கால் புள்ளி தப்பினால், வாங்கியவர் கவனிக்காவிட்டாலும் தானே போன் போட்டுத் திரும்ப வரவழைத்து மாற்றிக் கொடுப்பார். முப்பது வருஷமாக அளவில் பொய் சொல்லாத கை. அந்தக் கைதான் மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை பொய் எழுதியது.

நவாஃபின் மனைவி கோபித்துக்கொண்டு வடக்கு மலையூரான அஜ்லூனில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய் அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது. காரணம் ஒரு தையல் மிஷின். கேட்காமல் கொள்ளாமல் அதைத் தூக்கித் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தான் மடையன். அப்படிப் போன மனைவியை, புருஷன் தனியாகப் போய்க் கூட்டிவர முடியாது. நாலு பெரிய மனிதர்களைத் திரட்டிக்கொண்டு ஜாஹாவாகப் போகவேண்டும். பெண் வீட்டார் காபி கொடுப்பார்கள். வந்தவர்களின் தலைவர் கோப்பையைத் தொடாமல் கீழே வைப்பார். வந்த காரியம் முடிந்தால்தான் குடிப்போம் என்று அர்த்தம். "காபியைக் குடிங்க" என்று வீட்டுக்காரர் வாயால் வந்துவிட்டால் காரியம் பழம். ஃபாத்தினின் தகப்பனார் அபூ சகர் ஐந்து வாரம் இழுத்தடித்து, கடைசியில் அந்தப் புதன்கிழமை, மதியத் தொழுகைக்குப் பிறகு என்று நாள் கொடுத்தார். ஏழு பேர் போவதாக ஏற்பாடு. ஏழில் ஒருவர் ரஸ்மி.

"நீங்க வராம எப்படிண்ணே? என் பொண்ணுங்க உங்களை மாமா மாமான்னு சுத்துமே" என்று நவாஃப் படியேறி வந்து அழைத்திருந்தான். ரஸ்மியும் தலையாட்டியிருந்தார்.

ஆனால் செவ்வாய் மாலையே சைப்ரஸ் கொடி மேற்கிலிருந்து வரும் குளிர் காற்றுக்குத் திரும்பிவிட்டது. புதன் காலையில் வானம் சாம்பலாகி, காற்றில் அந்த இரும்பு வாசனை வந்தது. பேக்கரி வாசலில் ஊரே நின்றது. நாளைக்கே போர் மூளப்போவதுபோல ஆளுக்குப் பத்துக் கிலோ ரொட்டி. ரஸ்மிக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருஷமாக அவர் குன்றில் பனி தங்கவில்லை. விழுகிற வருஷங்களிலும் ஜான்பெக்கின் ஸுவைலிஹ்தான் முதலில் வெளுக்கும். அன்று காலை அவன் குழுவில் எழுதினான்: "அபூ தல்ஜ் குன்றுக்கு விருந்தாளி வரமாட்டார், மூடுபனிதான் வரும். பேசாமல் கண் பதவியை விட்டுக்கொடுங்க." கூடவே மற்றவர்களின் சிரிப்புப் படங்கள்.

எட்டு மணி அளவு மூன்று புள்ளி இரண்டு. ரஸ்மி ஒன்று புள்ளி இரண்டு என்று எழுதினார்.

எப்படியும் அரை மணியில் இறங்கத்தானே போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இறங்கவில்லை. ஒன்பது மணிக்கும் மூன்றுதான். ஆனால் ஒன்று புள்ளி இரண்டு என்று சொன்ன வாய் மூன்று என்று எப்படிச் சொல்லும்? ஒன்று என்று எழுதினார். பத்து மணிக்கும் மூன்றுதான்; எழுதியது பூஜ்யம் புள்ளி ஆறு. குழு கொதித்தது. ரஸ்மியின் மேற்குக் குன்றுதான் காற்றுக்கு முதல் வாசல். அங்கே இந்த அளவென்றால் வடக்கு மலைகளைக் கேட்கவே வேண்டாம். பத்தேகாலுக்கு அபூ லைஸ் அறிவித்தார்: "விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டார். நண்பகலுக்கு மேல் அஜ்லூன் பாதையில் யாரும் கிளம்பவேண்டாம்."

பத்தரைக்கு நவாஃப் கதவைத் தட்டினான். கோட்டும் டையும் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, மாப்பிள்ளையாகவே நின்றான்.

"அண்ணே, ஊரெல்லாம் வராது வரும்னு ஆளுக்கொண்ணு சொல்லுது. எனக்கு நீங்க சொன்னாப் போதும். கூட வர்ற என் மாமா முன்னாள் முக்தார், ஊர்த் தலைவரா இருந்தவர், முட்டி வலிக்காரர், அவரை நடுவழியில பனியில மாட்டிவிட முடியாது. போகலாமா, வேண்டாமா?"

பால்கனிக் கதவு திறந்திருந்தது. நாலடி தள்ளிப் பெட்டிக்குள் வெப்பமானி மூன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. போங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"இன்னிக்கு வேண்டாம் தம்பி" என்றார் ரஸ்மி. "இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கலாம்."

அன்று முழுக்க மழைதான் பெய்தது. வெறும் மழை. அஜ்லூனில் அதுவும் விட்டு விட்டு. நவாஃப் போன் செய்து பனி, பாதை மூடும் என்று சொன்னபோது, அபூ சகர் வீட்டில் இரண்டு ஆடு வெந்துகொண்டிருந்தது, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க கோழி மேயுது மாப்பிள்ளை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த வாக்கியம் ஒரு வாரத்துக்குள் அம்மான் வரைக்கும் வந்து சேர்ந்தது. நவாஃபின் வேலையிடத்தில் அவனைக் கண்டால் கோழிபோலக் கொக்கரித்தார்கள்.

குழுவில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. விருந்தாளி ஏமாற்றுவது புதிதா என்ன? அபூ லைஸ் மட்டும், "கணக்கு என்னுடையது, தவறும் என்னுடையது. இனி நான் அறிவிப்பதாக இல்லை" என்று எழுதினார். எழுபத்திரண்டு வயது மனிதர். அதைப் படித்தபோது ரஸ்மியின் கையில் சோற்றுக் கவளம் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

நவாஃபோ நேர்மாறாக, பார்ப்பவரிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தான். "பனி அல்லாஹ் கையில இருக்கு, அண்ணன் என்ன பண்ணுவார்? நம்ம உயிருக்காகத்தானே சொன்னார்." ஒரு வெள்ளிக்கிழமை சூடான எள்ளு ரொட்டி வாங்கிக்கொண்டு மேலே வந்து கொடுத்துவிட்டுப் போனான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரஸ்மிக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை. பட்டப்பகலில் திருடிவிட்டு, பறிகொடுத்தவன் வீட்டிலேயே விருந்து சாப்பிடுகிறவனைப்போல உடம்பு கூசியது. அந்த ரொட்டியைச் சுஹைலா மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தாள். அவர் தொடவும் இல்லை, அவள் எடுக்கவும் இல்லை.

முற்றத்திலிருந்து விருந்தாளியை விசாரித்த அதே வாரம், புதன்கிழமை சாயங்காலம் படிக்கட்டில் நவாஃபைப் பார்த்தார். அன்று அவன் சிரிக்கவில்லை.

"மாமனார் விவாகரத்துக்கு, வெள்ளி சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை, கோர்ட்டுக்கு வரச் சொல்லிட்டார்ண்ணே. தூறலுக்குப் பயந்தவனுக்கு என் பொண்ணு எதுக்குன்னு கேட்டாராம். ஃபாத்தினும் சரின்னுட்டாளாம்." சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினான். "அவளைச் சொல்லி என்ன? அன்னிக்கு ரெண்டு பொண்ணுக்கும் பின்னல் போட்டு, நல்ல துணி உடுத்தி, காலையிலேர்ந்து ஜன்னல்லயே நின்னாளாம்."

ரஸ்மி மேலே வந்து கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். சுஹைலா அடுப்பில் பருப்புச் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சுஹைலா, அந்தப் புதன்கிழமை..." என்று தொடங்கினார்.

"மூணு இருந்தது" என்றாள் அவள், திரும்பாமலே. "துணி எடுக்க வந்தப்பப் பார்த்தேன். உங்க போன் மேசையில கிடந்தது, அதுல ஒண்ணுன்னு இருந்தது. சரி, நீங்களே வாயத் திறப்பீங்கன்னு மூணு வாரமா இருந்து பார்த்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா அது என் உண்மை. உங்க பொய் எங்க போகும்?" கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டி வைத்தாள். "கடைக்கு வர்றவன் கண்ணுக்குக் கால் புள்ளி தப்பினா உங்களுக்குத் தூக்கம் வராது. அந்தப் பொண்ணு ஜன்னல்ல நின்ன கண்ணுக்கு என்ன கணக்கு?"

மறுநாள் வியாழக்கிழமை. உண்மையான விருந்தாளி வரும் நாள். ஒரு வாரமாகவே தெரியும். அரசாங்க அறிக்கை, சைப்ரஸ் கொடி, நவாஃபின் மாமா முக்தாரின் முட்டி வலி, எல்லாம் ஒரே வார்த்தை சொன்னதால் குழுவுக்குப் பித்துப் பிடித்திருந்தது. காலை ஏழுக்கு ஒன்று புள்ளி எட்டு. எட்டுக்கு ஒன்று. பார்க்கப் பார்க்கப் பாதரசம் இறங்கியது. ஜான்பெக்கே எழுதினான்: "இன்றைக்கு உங்கள் குன்றுதான் முதல், அபூ தல்ஜ். ஒப்புக்கொள்கிறேன். தட்டை நீட்டுங்கள்." இதற்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தார். கேக் தட்டைத் துடைத்துச் சமையலறை அலமாரியில் வைத்தார். பிறகு போனை எடுத்து எழுதினார்.

"அந்தப் புதன்கிழமை என் அளவுகள் பொய். இரண்டு டிகிரிக்கு மேல் குறைத்து எழுதினேன். அபூ லைஸின் கணக்கில் தவறில்லை. தவறு என்னுடையது."

அனுப்பிவிட்டு, போனை உள்பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

நவாஃப் முற்றத்தில் துணியை எடுத்துக்கொண்டிருந்தான். "எங்கண்ணே இந்த நேரத்துல? இன்னிக்குப் போய் பால்கனியை விட்டுக் கீழ இறங்கிட்டீங்க?"

"அஜ்லூனுக்கு."

நவாஃப் வாய்விட்டுச் சிரித்தான். "நல்லா இருக்கே! என்னை வேண்டாம்னு நிறுத்திட்டு, நிஜமா விழற அன்னிக்கு நீங்க போறீங்களா?"

ரஸ்மி சொன்னார். கொடிக்கு இந்தப் பக்கம் நின்று, தொங்கும் சட்டையைப் பார்த்துக்கொண்டே, ஜான்பெக்கின் கேலி, எட்டு மணி அளவு, ஒன்பது மணி அளவு, பத்து மணி அளவு, கதவைத் தட்டியபோது பெட்டிக்குள் இருந்த அளவு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நவாஃப் கேட்டுக்கொண்டே கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டான். சொல்லி முடித்தபோது அவன் வாய் நிறையக் கிளிப்புகள் இருந்தன. அவற்றை எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ரெண்டு டிகிரி" என்றான்.

"ஆமா தம்பி."

"ஜான்பெக் கேலி பண்ணினான்னு."

நவாஃப் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் திரும்பியும் பார்க்கவில்லை. அடித்திருக்கலாமே என்று ரஸ்மி நினைத்தார். பிறகு காரைக் கிளப்பினார்.

ஜெரஷ் தாண்டும்போது மழை பனிக்கூழாகக் கண்ணாடியில் அப்பியது. எதிரே வரும் வண்டிகள் எல்லாம் அம்மானை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. அஜ்லூன் பக்கம் ஏறுகிற வண்டி அவருடையது ஒன்றுதான். கருவாலி மரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஏறினார். உள்பையில் போன் அதிர்ந்துகொண்டே வந்தது. திட்டுகிறார்களோ, விருந்தாளி வந்துவிட்டாரோ தெரியவில்லை. எடுத்துப் பார்க்கவில்லை.

அபூ சகர் உயரமான, ஒடிசலான மனிதர். வாசலில் நின்ற அந்நியரை ஏற இறங்கப் பார்த்தார். விருந்தினரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்பதால் உள்ளே கூப்பிட்டார். நடுவில் எண்ணெய் அடுப்பு எரிந்தது. ஜன்னலோரம் மண்டியிட்டிருந்த நவாஃபின் சின்னப் பெண் லயான் திரும்பிப் பார்த்து, "அபூ தல்ஜ் மாமா!" என்று கத்தினாள். உள் கதவுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"ஓகோ" என்றார் கிழவர். "அந்தப் பனிக்கு அப்பன் நீங்கதானா?"

காபியை அவரே ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் மணக்கும் சின்னக் கோப்பை. ரஸ்மி அதை வாங்கி, குடிக்காமல், தனக்கு முன்னால் தரையில் வைத்தார்.

கிழவரின் புருவம் ஏறியது. "ஏழு பேர் வரவேண்டிய எடத்துக்கு ஒத்தை ஆளா வந்து கோப்பையைக் கீழ வைக்கறீங்க. இது எந்த ஊர் வழக்கம்?"

"எந்த ஊர் வழக்கமும் இல்ல ஹாஜி. நான் ஜாஹாவா வரல. குத்தத்தை ஒத்துக்க வந்திருக்கேன்." எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இருக்கவில்லை. "உங்க மாப்பிள்ளை கோட்டுப் போட்டு, எண்ணெய் வச்சு, கிளம்பி நின்னான். போகலாமான்னு என்னைக் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

"ரெண்டு டிகிரிக்காகவா?"

அதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். நவாஃபிடம் அப்படித்தான் முடித்திருந்தார். உள் கதவின் இடுக்கில் அங்கியின் ஓரம் ஒன்று அசையாமல் தெரிந்தது.

"இல்ல ஹாஜி. அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்தன். அன்னிக்கு எங்க குன்றுல பனி விழுந்தா நான் இங்க, உங்க வீட்டுல உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்க்காமப் போயிடுவேன். பால்கனியை விட்டு வர மனசில்ல. அதான் உண்மை. அவன் கேட்டப்ப எனக்கு முதல்ல தோணினது அதுதான்."

இதை அவர் சுஹைலாவிடம்கூடச் சொல்லவில்லை. தனக்கே இப்போதுதான் சொன்னார்.

அபூ சகர் தஸ்பீஹ் மாலையை ஒரு சுற்று உருட்டினார். தகரக் கூரையில் மழை தடதடத்துக்கொண்டே இருந்தது. பிறகு மெல்லத் தேய்ந்து, நின்றது. அது நின்ற விதம் ரஸ்மிக்குத் தெரியும். மழை விட்டால் கூரை சொட்டும், வாசல் ஒழுகும், எங்கோ ஒரு வாளி சத்தமிடும். இது அப்படி இல்லை. வெளியே உலகத்தின் வாயைப் பொத்தியதுபோல இருந்தது. அறையின் சுவரில், கிழவரின் கன்னத்தில், கம்பளத்தில், வெளிச்சம் வெளுத்தது.

"பனி! மாமா, பனி!" லயான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "மாமா, இங்க வாங்க! பெரிசு பெரிசா விழுது!"

உள்பையில் போன் துடித்தது. நின்று, மறுபடி துடித்தது. கிழவர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு ரஸ்மியைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணியில பாதையை மூடிடுவாங்க" என்றார். "இப்பக் கிளம்பினாத்தான் நீங்க ஊர் போய்ச் சேரலாம்."

"தெரியும் ஹாஜி."

"ஜன்னலைக்கூடத் திரும்பிப் பார்க்கலையே?"

ரஸ்மியின் இடது தோளுக்குப் பின்னால் சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கில் அங்கியின் ஓரம் அங்கேயே இருந்தது. அவர் முழங்கால்களை இன்னும் சேர்த்து மடக்கி உட்கார்ந்து, தரையிலிருந்த கோப்பையையே பார்த்தார். அதிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஆவி மெலிந்து, ஒரு நூலாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. கோப்பை நிறையக் காபி அப்படியே இருந்தது.